குளத் திருட்டு: கொல்கத்தா கற்பிக்கும் பாடம்

வங்க மொழியில் 'புகுர் சுரி' என்றொரு சொல் வழக்கு உண்டு. 'குளத் திருட்டு' என்பது அதன் நேர்ப்பொருள். சில்லறைத் திருட்டை அப்படிச் சொல்வதில்லை. ஊரே பார்த்துக் கொண்டிருக்க, மறைக்கவே முடியாத ஒன்றை அள்ளிச் செல்லும் பெருங்கொள்ளைக்கு மட்டுமே அந்தச் சொல். கிணறு வெட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 'கிணற்றைக் காணோம்' என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் வடிவேலுவின் காட்சியைத் தமிழர்கள் நன்கறிவர். இரண்டு மொழிகளிலும் மக்கள் ஒரே உண்மையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். திருடுவோரும் கணக்கெழுதுவோரும் ஒரே கூட்டம் என்பதே அந்த உண்மை.

கொல்கத்தாவில் அது நகைச்சுவையாக இல்லை. அங்கே குளங்கள் மெய்யாகவே திருடு போகின்றன. சியாம்புகுர், மனோகர்புகுர், பத்மபுகுர், பேனியாபுகுர், தாக்குர்புகுர் என்று நகரின் பகுதிகள் பலவும் குளங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெயரில் இருக்கும் குளத்தை நேரில் தேடினால் பல இடங்களில் அடுக்குமாடிக் கட்டடம்தான் எதிர்ப்படும். சென்னை மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லாத 'லேக் வியூ' சாலையைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

தண்ணீரில் ஊழல் என்றவுடன் குழாய் இணைப்புக்குக் கையூட்டு, லாரித் தண்ணீருக்கு முன்பணம், ஒப்பந்தப் பணிக்குக் கழிவுத்தொகை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை உண்மைதான்; இவற்றை எதிர்க்கவும் வேண்டும். ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால் ஊழலின் வேரைக் காணத் தவறிவிடுவோம். பொதுச்சொத்தாகிய நீர்நிலையைத் தனிச்சொத்தாகிய மனையாக மாற்றும் வேலையே இன்று நகர்ப்புற மூலதனத்தின் கொழுத்த லாபத் தொழிலாக இருக்கிறது. கையூட்டு அந்தத் தொழிலின் உற்பத்திச் செலவு. அதை வாங்கும் அதிகாரியும் மாமன்ற உறுப்பினரும் அந்தத் தொழிலின் முகவர்கள். இந்த உறவைப் புரிந்துகொள்ளாமல் ஊழல் எதிர்ப்பைப் பேசுவது, ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைப்பதற்கு ஒப்பாகும்.

நள்ளிரவில் சரிந்த கட்டடம்

2024 மார்ச் 17. ரமலான் மாதம். கொல்கத்தாவின் மேற்குப் புறத்தில், துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச் பகுதியில், 134ஆவது வார்டில் கட்டப்பட்டுக் கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் நள்ளிரவு வேளையில் சரிந்தது. அருகில் இருந்த குடிசைகளின் மீதும் ஓட்டு வீடுகளின் மீதும் அது விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கக் கனவிலும் இயலாத உழைப்பாளிக் குடும்பங்கள் அதன் இடிபாடுகளுக்கு அடியில் நசுங்கின.

கட்டடத்துக்கு அனுமதி இல்லை என்று விபத்துக்குப் பின் நிர்வாகம் அறிவித்தது. குளத்தைத் தூர்த்த இடத்தில் அது கட்டப்பட்டது என்று அப்பகுதி மக்கள் கூறினர். கட்டடம் நின்ற பகுதி, கொல்கத்தா மேயரும் மாநில அமைச்சருமான ஃபிர்ஹாத் ஹக்கீமின் சொந்தச் சட்டமன்றத் தொகுதியான கொல்கத்தா துறைமுகத்தைச் சேர்ந்தது. ஐந்து மாடிகள் ஓர் இரவில் முளைப்பதில்லை. மணல் லாரி வந்திருக்கும், கம்பி வந்திருக்கும், மாதக்கணக்கில் கலவை இயந்திரம் ஓடியிருக்கும். மாநகராட்சியின் பொறியாளர் கண்ணுக்கும் காவல் நிலையத்தின் கண்ணுக்கும் ஆளுங்கட்சியின் வட்டார அலுவலகத்தின் கண்ணுக்கும் அது தெரியாமல் போனது எப்படி? விபத்துக்குப் பின் சில பொறியாளர்களுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினார்கள். கட்டுமான முதலாளியைக் கைது செய்தார்கள். இழப்பீடு அறிவித்தார்கள். அதிகாரச் சங்கிலியின் மேல் கண்ணிகளை யாரும் தொடவில்லை.

ஓராண்டு நிறைவதற்குள், 2025 ஜனவரி 14 அன்று, தெற்குக் கொல்கத்தாவின் பாகாஜதீன் பகுதியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று சாய்ந்தது. ஏற்கெனவே மண்ணில் புதைந்து கொண்டிருந்த கட்டடத்தைத் தூக்கி நிறுத்த முயன்றபோது அது நிகழ்ந்தது. அங்கும் நீர்நிலையைத் தூர்த்துக் கட்டிய குற்றச்சாட்டே எழுந்தது. நல்வாய்ப்பாக உள்ளே எவரும் இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய வீட்டை இழந்து நின்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு மிஞ்சியது வழக்குமன்றப் படிக்கட்டு மட்டுமே.

இதே பாகாஜதீனையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் 2018 பிப்ரவரியில் நாடு ஒருமுறை கவனித்தது. அப்போது ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். தன் குழாய் நீரில் குறையே இல்லை என்று மாநகராட்சி நிர்வாகம் முதலில் சாதித்தது. பிறகு நீர் மாதிரிகளில் கோலிஃபார்ம் கிருமி இருப்பது தெரியவந்தது. ஏழு ஆண்டு இடைவெளியில், ஒரே வட்டாரத்தில், ஒருமுறை குழாய் நீர் மக்களை வீழ்த்தியது. மறுமுறை நீரைப் புதைத்த மண் வீட்டை வீழ்த்தியது. நகரின் நீரை யார் நிர்வகிக்கிறார்கள், யாருக்காக நிர்வகிக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

குளம் மனையாவது எப்படி?

மேற்கு வங்கத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1984ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, 5 கட்டா அல்லது அதற்கு மேற்பட்ட பரப்புள்ள எந்த நீர்நிலையையும் தூர்க்கக் கூடாது என்கிறது. நம் கணக்கில் அது ஏறத்தாழ ஒன்றரை கிரவுண்டு. தனியாருக்குச் சொந்தமான குளமாயினும் தூர்க்க உரிமை இல்லை. ஏட்டில் இதைவிடக் கண்டிப்பான சட்டம் வேண்டியதில்லை. பிறகு எப்படிக் குளம் மறைகிறது?

முதலில் குப்பை வருகிறது. இடித்த கட்டடங்களின் செங்கல் சல்லி இரவில் வருகிறது. ஆகாயத்தாமரை படர விடப்படுகிறது. நீர் நாறுகிறது, கொசு பெருகுகிறது. அப்போது 'சுகாதாரக் கேடு' என்ற புகார் எழுகிறது. டெங்கு அச்சம் துணைக்கு வருகிறது. குளத்தைத் தூய்மைப்படுத்து என்று கேட்க வேண்டிய மக்களே குளத்தை மூடித் தொலை என்று சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். அடுத்து நில ஆவணம் மாறுகிறது. 'புகுர்' என்று பதிவான நிலம் 'பாஸ்து', அதாவது குடியிருப்பு நிலம் ஆகிறது. நம்மூரில் நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா முளைப்பதைப் போன்ற அதிசயம் இது. பிறகு புரமோட்டர் வருகிறார். மணலும் செங்கல்லும் ஜல்லியும் இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று விதிக்கும் 'சிண்டிகேட்' வருகிறது. அதன் கையில் ஆளுங்கட்சிக் கொடி இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பங்கு பிரிகிறது. இறுதியில், அனுமதியின்றிக் கட்டியதை அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளும் வழி திறந்திருக்கிறது. திருட்டுப் பொருளுக்கு அரசே ரசீது கொடுக்கிறது!

ஆவணத்தைத் திருத்தும் அலுவலர், கண்ணை மூடிக்கொள்ளும் பொறியாளர், பங்கு வாங்கும் வட்டாரத் தலைவர், பதிவு செய்யும் அலுவலகம், கடன் கொடுக்கும் வங்கி என்று ஒவ்வொருவரும் ஒரு கண்ணி. சங்கிலியின் ஒரு முனையில் தண்ணீர் இருக்கிறது. மறு முனையில் மூலதனம் இருக்கிறது. தனி மனிதர்களின் நேர்மைக் குறைவு என்று இதைக் கடந்துபோக முடியாது. இது ஓர் உற்பத்தி முறையின் ஒழுங்கான இயக்கம்.

குளத்தால் வாழ்ந்தவர்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஹூக்ளி ஆற்றிலிருந்து பல்தா நிலையத்தில் நீரெடுத்து, 110 அடி உயரத்தில் நிற்கும் தாலா தொட்டியின் வழியே நகருக்கு வழங்கும் ஏற்பாட்டை ஆங்கிலேய ஆட்சி அமைத்தது. தாலா தொட்டி 1911இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் குழாய்கள் முதலில் சென்றது வெள்ளையரும் செல்வந்தரும் வாழ்ந்த தெருக்களுக்கு. விளிம்புப் பகுதிகளின் உழைப்பாளி மக்களுக்குக் குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் குளமே துணை. கார்டன் ரீச்சும் யாதவ்பூரும் பேஹாலாவும் 1984இல்தான் கொல்கத்தா மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. குளம் போனால் அந்த மக்கள் எங்கே போவார்கள்? ஆழ்துளைக் கிணற்றை நாடுவார்கள். வங்கத்தின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பது உலகறிந்த செய்தி. மழைநீரை மண்ணுக்குள் அனுப்பிய குளம் மறைய மறைய, நிலத்தடி நீர் மேலும் கீழிறங்குகிறது. கடைசியில் கேன் தண்ணீரை விலைக்கு வாங்குவார்கள். குளத்தைப் பறித்தவர்கள் மனையை விற்கிறார்கள். குளம் பறிபோனதால் தாகத்தையும் விற்கிறார்கள். ஒரே திருட்டில் இரண்டு சந்தைகள் பிறக்கின்றன.

எதிர்த்து நின்றவர் கதி

இந்தச் சங்கிலியின் குறுக்கே நிற்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு ஹவுராவின் பாலி பகுதியே சாட்சி. ஜெய்பூர் நீர்நிலையைத் தூர்ப்பதை எதிர்த்துப் போராடியவர் தபன் தத்தா. அவர் இடதுசாரி அல்லர். திரிணாமூல் காங்கிரசின் உள்ளூர்த் தலைவர். 2011 மே 6 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கட்சி மாநில ஆட்சியைப் பிடித்த தேர்தல் முடிவு வெளியானது, சரியாக ஒரு வாரம் கழித்து மே 13 அன்று.

தன் சொந்த ஊழியரின் கொலைக்கு நீதி பெற்றுத்தர ஒரு கட்சிக்கு ஆட்சியைவிட வேறென்ன கருவி வேண்டும்? நடந்தது என்ன? விசாரணை மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 2014இல் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் பின்னர் அந்த விடுதலையை ரத்து செய்தது. கொல்லப்பட்டவரின் மனைவி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிய பிறகு, கொலை நடந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. நீர்நிலையின் மீது கண் வைத்த மூலதனத்துக்குக் கட்சிக்கொடியின் நிறம் பொருட்டல்ல; தன் வழியில் நிற்பவர் ஆளுங்கட்சிக்காரராயினும் அது விலக்களிப்பதில்லை. இதை அவருடைய குடும்பத்தின் பதினோரு ஆண்டுக் காத்திருப்பு நமக்குச் சொல்கிறது.

மூன்று மேயர்கள், இரண்டு கட்சிகள், ஒரே வழக்கு

நாரதா செய்தி இணையதளம் 2014இல் மறைவாகப் பதிவு செய்த காணொளிகள், 2016 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தலுக்கு முன் வெளியாயின. நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியாக வேடமிட்டு வந்தவரிடம் திரிணாமூல் தலைவர்கள் பலர் பணம் பெறும் காட்சிகள் அவற்றில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. இந்த வழக்கில் 2021 மே 17 அன்று மத்தியப் புலனாய்வுத் துறை நால்வரைக் கைது செய்தது. அவர்களுள் சுப்ரதா முகர்ஜி 2000 முதல் 2005 வரை கொல்கத்தாவின் மேயர். பின்னர் மாநிலத்தின் குடிநீர்த் திட்டங்களுக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையின் அமைச்சராகவும் இருந்தவர். சோவன் சாட்டர்ஜி 2010 முதல் 2018 வரை மேயர். ஃபிர்ஹாத் ஹக்கீம் அவருக்குப் பின் வந்த மேயர். நகரின் நீருக்கும் நிலத்துக்கும் காவலாக அமர்த்தப்பட்ட மூவர் ஒரே வழக்கில், ஒரே நாளில் கைதானார்கள். வழக்கின் முடிவு எதுவாயினும், இந்த ஒரு காட்சியே அந்தக் கட்சியின் நகராட்சி அரசியலுக்குப் போதுமான அறிமுகம்.

ஆனால் பாரதிய ஜனதா கட்சி இதைக் காட்டித் தன்னைத் தூய்மையாளனாக முன்னிறுத்த முடியாது. அதே நாரதா வழக்கில் பெயர் இடம்பெற்ற முகுல் ராயும் சுவேந்து அதிகாரியும் அதற்குள் பாஜகவில் சேர்ந்திருந்தனர். அவர்கள் இருவரும் அன்று கைதாகவில்லை. சோவன் சாட்டர்ஜியே 2019இல் பாஜகவில் சேர்ந்து, 2021 தேர்தல் நேரத்தில் வெளியேறியவர், அவர் கைதானார். புலனாய்வுத் துறையின் கைவிலங்கு எந்தக் கணக்கில் பூட்டப்படுகிறது, எந்தக் கணக்கில் கழற்றப்படுகிறது என்பதை விளக்க வேறு சான்று தேவையில்லை. ஊழலை ஒழிப்பது அதன் நோக்கமன்று. ஊழல் செய்தவர்களைத் தன் பக்கம் ஓட்டிவரும் சாட்டையாகவே அது சட்டத்தைப் பயன்படுத்துகிறது.

கங்கையின் பெயரால் ஓட்டுக் கேட்கும் கட்சியின் நீர்ப் பற்றையும் நாடு பார்த்துவிட்டது. 'நமாமி கங்கே' திட்டத்துக்கு 20,000 கோடி ரூபாய் அறிவித்த அதே ஆட்சியில், கங்கை தடையின்றி ஓட வேண்டும் என்று கேட்டு 111 நாட்கள் உண்ணாநோன்பிருந்த முதுபெரும் பொறியியல் பேராசிரியர் ஜி.டி. அகர்வால் 2018 அக்டோபர் 11 அன்று உயிர்துறந்தார். அவர் மதப்பற்றுள்ள துறவி. அவருடைய உலகப் பார்வை நம்முடையது அன்று. எனினும் கங்கையை நேசித்த ஒரு துறவியின் சொல்லுக்குக்கூடச் செவிசாய்க்காத ஆட்சி, அதன் கரையில் வாழும் ஏழைகளின் குரலைக் கேட்கும் என்று எவரும் நம்ப வேண்டியதில்லை.

பணம் செலவில்லாத சுத்திகரிப்பு நிலையம்

பல்லாயிரம் கோடி செலவிட்டு ஒன்றிய அரசு செய்ய முயலும் வேலையை, கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் மீனவரும் உழவரும் நூறாண்டாகச் செய்து வருகின்றனர். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் மாநகரத்தின் கழிவுநீரைப் பெறுகின்றன. 'பேரி' என்று வங்காளிகள் சொல்லும் ஆழமற்ற மீன்வளர்ப்புக் குளங்களில் சூரிய ஒளியும் பாசியும் மீனும் சேர்ந்து அந்தக் கழிவைத் தூய்மையாக்குகின்றன. அதே நீரில் வளரும் மீனும், அதே நீர் பாய்ந்து விளையும் காய்கறியும் நகரத்தின் ஏழைகளுக்கு மலிவான உணவாகின்றன. மாநில அரசின் பொறியாளரான துருபஜோதி கோஷ் 1980களில் இந்த அமைப்பை ஆராய்ந்து, இதன் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2002இல் இது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் தனிப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

அதற்குப் பின்னும் இந்த ஈரநிலத்தில் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் குடியிருப்புகளும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. சட்டவிரோதக் கட்டடங்களை இடிக்குமாறு கல்கத்தா உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப ஆணையிட வேண்டியிருக்கிறது. நகரத்தின் கழிவை ஏற்று, வெள்ளத்தைத் தாங்கி, உணவும் தரும் நிலத்தை மனைத் தரகர்கள் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று அழைக்கிறார்கள். உழைப்பாளிகளின் உழைப்பு சந்தையில் விலை பெறாதவரை, மூலதனத்தின் கண்ணுக்கு அந்த நிலம் சும்மாதான் கிடக்கும்.

நம் கணக்கையும் பார்ப்போம்

கார்டன் ரீச் விபத்துக்குப் பின் திரிணாமூல் தரப்பு ஒரு விடையைக் கையிலெடுத்தது. சட்டவிரோதக் கட்டடங்கள் இடது முன்னணிக் காலத்திலேயே தொடங்கிவிட்டன என்பதே அந்த விடை. 2011 முதல் ஆட்சியில் அமர்ந்துகொண்டு, 2024இல் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு முந்தைய ஆட்சியைக் காட்டுவது வெட்கக்கேடு. எனினும் இடதுசாரிகளாகிய நாம் அந்தக் கேள்வியை அவர்களுக்காக அல்லாமல் மக்களுக்காக எதிர்கொள்ள வேண்டும்.

உப்பு ஏரிப் பகுதியை ஆற்று வண்டலால் நிரப்பி பிதான்நகரை உருவாக்கும் பணி 1960களில், காங்கிரஸ் ஆட்சியில் தொடங்கியது. ஆனால் 1990களின் தொடக்கத்தில் கிழக்கு ஈரநிலத்தில் உலக வர்த்தக மையம் அமைக்க நிலம் ஒதுக்கும் திட்டம் இடது முன்னணி அரசின் காலத்தில் வந்தது. அதைத் தடுத்தது 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1992இல் நீதிபதி உமேஷ் பானர்ஜி அளித்த தீர்ப்பு. ராஜர்ஹாட் புதுநகரம், வயலும் நீர்நிலையும் நிறைந்த நிலத்தில் எழுந்தது அதே ஆட்சியின் காலத்தில். டாலி நாலாவின் கரையில் வாழ்ந்த ஏழைகள் 2001இல் அப்புறப்படுத்தப்பட்டதும் அக்காலத்திலேயே. நிலச்சீர்திருத்தத்தின் வழியே கிராமப்புற ஏழைக்கு நிலத்தில் உரிமை தந்த ஆட்சி, நகர விளிம்பின் நீர்நிலையைக் குறித்த கேள்வியில் புரமோட்டரின் மொழியைப் பேசத் தொடங்கியது ஒரு பின்னடைவு. அதற்கான விலையை இயக்கம் கொடுத்தது. இதை மறைப்பதால் எதிரிக்கே ஆதாயம். ஒளிவின்றிச் சொல்வதால் மக்களின் நம்பிக்கை திரும்பும்.

திரிணாமூல் ஆட்சி அந்தத் தவறுகளைத் திருத்தவில்லை, அவற்றைத் தொழிலாக்கியது. ஆட்சிக்கு வந்த ஓராண்டுக்குள், 2012 மார்ச்சில், நோனாடாங்காவில் ஏழைகளின் குடிசைகளைப் புல்டோசர் கொண்டு இடித்தது. நீர்நிலையை விழுங்கிய மாளிகைக்கு அபராத ரசீது, குடிசைக்குப் புல்டோசர் என்பதே அதன் நீதி.

தனியார்மயம் மருந்தா?

அரசு நிர்வாகம் அழுகிவிட்டது, ஆகவே தண்ணீரைத் தனியாரிடம் கொடுங்கள் என்று உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் அவற்றின் உள்நாட்டுப் பரப்புரையாளர்களும் ஓதுகிறார்கள். ஊழலைக் கண்டு கொதிக்கும் நடுத்தர மக்கள் இதற்கு இரையாகும் ஆபத்து உண்டு. இரண்டு நிகழ்வுகளை மட்டும் நினைவூட்டுவோம்.

அமெரிக்காவின் லூயிஸ் பெர்கர் நிறுவனம், இந்தியா உள்ளிட்ட நாடுகளில் ஒப்பந்தம் பெற 39 லட்சம் டாலர் கையூட்டுக் கொடுத்ததை 2015 ஜூலையில் அந்நாட்டு நீதித்துறையிடம் ஒப்புக்கொண்டது. கோவாவிலும் குவாஹாட்டியிலும் குடிநீர்த் திட்டங்களுக்காகக் கொடுத்த கையூட்டும் அதில் அடக்கம். கொடுத்தது தனியார் நிறுவனம். தனியாரின் நுழைவு ஊழலை விரட்டவில்லை. ஊழலின் தோளேறியே தனியார் நுழைந்தது.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1989இல் நீர் விநியோகம் லியோனெஸ் தெசோ குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்காகக் கையூட்டுப் பெற்ற குற்றத்துக்கு அந்நகர மேயரும் முன்னாள் அமைச்சருமான அலேன் கரிஞோன் சிறை சென்றார். மக்கள் போராடி 2000இல் நீர் நிர்வாகத்தை நகராட்சியிடம் மீட்டனர். அந்த லியோனெஸ் தெசோ பின்னாளில் சூயஸ் குழுமத்தில் இணைந்தது. கோயம்புத்தூர் மாநகராட்சி 2018இல் 26 ஆண்டுகளுக்கு, 3,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் ஒப்பந்தம் போட்டது இதே சூயசுடன்தான். அதிமுக ஆட்சியில் அது வந்தபோது எதிர்த்து முழங்கிய திமுக, 2021இல் ஆட்சிக்கு வந்த பின் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை.

நம் வாசலில்

கொல்கத்தாவின் கதையை வங்கத் தோழர்களின் கவலை என்று நாம் ஒதுக்க முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், போரூர் ஏரிக்கு அருகே, கட்டப்பட்டுக் கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டுமானத் தொழிலாளர். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பல ஆயிரம் ஏக்கரிலிருந்து சுருங்கிச் சுருங்கி, எஞ்சிய பகுதி 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கூவம் கரையின் குடிசைகளை 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று இடித்தவர்கள், அம்மக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய பெரும்பாக்கம் அதே சதுப்புநிலத்தின் விளிம்பில் இருக்கிறது. ஏரியில் நிற்கும் தகவல் தொழில்நுட்ப வளாகத்துக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை.

உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், 2011இல் ஜக்பால் சிங் வழக்கிலும் ஊர்ப் பொதுக்குளங்களைக் காக்க வேண்டும் என்று திட்டவட்டமாகத் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சட்டமும் தீர்ப்பும் நம் கையில் ஆயுதங்கள். ஆயுதத்தை ஏந்தும் கை மக்களுடையதாக இல்லாவிட்டால், ஆட்சியாளர் அதை ஏழைகள் மீதே திருப்புவர்.

செய்ய வேண்டியவை

கார்டன் ரீச்சிலேயே இதற்கான விடையின் ஒரு கீற்று இருக்கிறது. துறைமுக நிர்வாகத்தின் நிலத்தில், முதியாலி மீனவர் கூட்டுறவுச் சங்கம் தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கலந்த நீரைத் தன் குளங்களில் தூய்மைப்படுத்தி மீன் வளர்த்தது. கரையில் மரங்களை நட்டுச் சோலையாக்கியது. வெளியேற்ற முயன்றபோது எதிர்த்து நின்றது. ஒரே வட்டாரத்தில் புரமோட்டரிடம் போன குளம் கல்லறையானது. உழைப்பாளிகளின் கூட்டுறவிடம் இருந்த குளம் வாழ்வளித்தது. நீர்நிலை யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் நீர்நிலைகளைப் பழைய வருவாய் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பட்டியலிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவண மாற்றங்களைக் கேட்டுப் பெற வேண்டும். அந்தப் பட்டியலைத் தெருமுனைக் கூட்டத்தில் படிக்க வேண்டும். கிராம சபையிலும் பகுதி சபையிலும் தீர்மானமாக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் சங்கத் தோழர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. எந்த மண்ணில் கடைக்கால் தோண்டப்படுகிறது என்பதை முதலில் அறிபவர்கள் அவர்கள்; கட்டடம் சரிந்தால் முதலில் சாகிறவர்களும் அவர்களே. கரையோர ஏழைகளின் மாற்றுக் குடியிருப்பு உரிமையையும் பெருநிறுவன ஆக்கிரமிப்பை அகற்றும் கோரிக்கையையும் ஒரே முழக்கமாக எழுப்ப வேண்டும். இரண்டையும் பிரிக்க ஆளும் வர்க்கம் முயலும்; அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. குடிநீர் வழங்கலைத் தனியாரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தங்களை ரத்து செய்யக் கோரும் இயக்கத்தை நகர்தோறும் விரிவாக்க வேண்டும்.

குளம் தானாகத் தொலைவதில்லை. அதைத் திருடியவருக்கு முகவரி இருக்கிறது. அந்த முகவரி குளம் இருந்த இடத்திலேயே எழும்பி நிற்கிறது. அதை ஊரறியச் சொல்லும் துணிவை மக்களிடம் வளர்ப்பதே நம் உடனடிக் கடமை.